சுத்திகரித்த சாக்கடைக் கசடை நிலத்தில் போடலாமா? ஆறு வழிகளும் அவற்றின் கணக்கும்

"இலவசமாகத் தருகிறார்கள், லாரியில் கொண்டுவந்து கொட்டியும் கொடுக்கிறார்கள். வாங்கிப் போடலாமா?" கழிவுநீரைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் சேறான கசடைப் பற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் நிலம் வைத்திருக்கும் பலரிடமிருந்து வரும் கேள்வி இது. அருமையான உரம் என்று ஒருவர் சொல்வார். நஞ்சு, கிட்டே போகாதே என்று இன்னொருவர் சொல்வார். கேட்டவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் வந்து சேரும் நிலையத்தின் கசடும், முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை, தோல் ஆலை எல்லாம் குழாயில் திறந்துவிடும் நிலையத்தின் கசடும் பார்வைக்கு ஒரே கறுப்பு, ஒரே வாடை. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. அதனால் 'கசடு நல்லதா கெட்டதா' என்று கேட்பதைவிட, எந்த ஊர்க் கசடு, எந்த வடிவில், எந்த மண்ணுக்கு, எந்தப் பயிருக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

திருத்த முடியுமா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். கிருமி காலப்போக்கில் சாகும். நாற்றம் போய்விடும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கூடிப்போனால் ஓரிரு போகத்தில் அடங்கும். ஆனால் காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்கள் மேல்மண்ணில் தங்கினால் தங்கியதுதான். வயலிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க நடைமுறைக்கு ஒத்துவரும் வழி எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் நடந்த நீண்டகாலச் சோதனை இதற்குத் தெளிவான சாட்சி. 1942 முதல் 1961 வரை அங்கே கசடு போட்டார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து அந்த மண்ணில் க்ளோவர் என்ற தீவனப்பயிரை வளர்த்துப் பார்த்தபோது, அதன் வேர்முடிச்சு பாக்டீரியாவால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க முடியவில்லை. போட்ட உலோகத்தின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருந்தது. பயறு வகைகளை நம்பிப் பயிர்ச்சுழற்சி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் பயன்படும் பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களும் இதே கணக்கில்தான் வரும். கசடைக் காற்றில்லாமல் மட்க வைக்கும் செரிப்புத் தொட்டியும் கம்போஸ்ட் குவியலும் அவற்றை அழிப்பதில்லை. மண்ணிலிருந்து மெல்ல நிலத்தடி நீருக்கும், தீவனப் புல் வழியாகப் பாலுக்கும் போகும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகளுக்கு முன் கசடு பரப்பிய பண்ணைகளின் பாலில் இவை கண்டுபிடிக்கப்பட்டன. 2022-இல் அந்த மாநிலம் கசடை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட வரைவு மதிப்பீடு, இந்தக் குடும்பத்தின் இரண்டு முக்கியப் பொருள்கள் கசடில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் இருந்தாலே சில சூழல்களில் ஏற்கத்தக்க அளவைத் தாண்டிய ஆபத்து வரலாம் என்றது.

கிருமி. ஆபத்துதான், ஆனால் கையாளக்கூடிய ஆபத்து. வெப்பமும் காலமும் போதும். இதில் பிடிவாதமானது உருளைப்புழுவின் முட்டை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல், சுத்திகரித்த மலக்கசடின் ஒரு கிராம் உலர் எடையில் புழு முட்டை ஒன்றுக்கும் குறைவாக, மலத்தில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஆயிரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் 1993 விதி கசடை இரண்டாகப் பிரிக்கிறது: கிருமி கிட்டத்தட்ட நீங்கியது ஏ வகுப்பு, குறைந்திருந்தும் மிச்சம் இருப்பது பி வகுப்பு.

சத்துக் கணக்கு. கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. சாம்பல் சத்து மட்டும் மிகக் குறைவு, ஏனென்றால் அது தண்ணீரில் கரைந்து சுத்திகரித்த நீரோடு வெளியே போய்விடும். ஆக, கசடு போட்டாலும் பொட்டாஷ் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் மண், உங்கள் பயிர். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 6-க்குக் கீழே இறங்கி அமிலம் கூடினால் காட்மியம், துத்தநாகம், நிக்கல் மூன்றும் பயிருக்குள் சுலபமாக ஏறும். கீரை வகைகளும் லெட்டூஸும் புகையிலையும் காட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். நெல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தண்ணீர் கட்டி நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து மண்ணில் முடங்கிக் கிடக்கும்; மணி பிடிக்கும் நேரத்தில் வயலைக் காயவிட்டால் விடுபட்டு மணிக்குப் போகும். ஈயம் வேரைத் தாண்டி மேலே அதிகம் ஏறாது. ஆனால் மண் ஒட்டிய கிழங்கு வழியாகவும், புல்லோடு மண்ணையும் சேர்த்துத் தின்னும் மாடு வழியாகவும் வந்துவிடும்.

வெளியே தெரியாத செலவு. போக்குவரத்து, சோதனை, காத்திருப்புக் காலம், அக்கம்பக்கத்தார் புகார், விளைச்சலை வாங்க மறுக்கும் வியாபாரி. இலவசம் என்று வரும் பொருளுக்கு இவைதான் விலை.

## ஒரு ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செரிப்புத் தொட்டியில் பதமாகி நீர் வடிக்கப்பட்ட கசடை எடுத்துக்கொள்வோம். பத்து டன் என்று லாரியில் வந்தால் அதில் எட்டு டன் தண்ணீர். உலர் பொருள் இரண்டே டன். அதில் 3.5 சதவீதம் கரிமத் தழைச்சத்து, 0.5 சதவீதம் அம்மோனியத் தழைச்சத்து, 2 சதவீதம் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் 80 கிலோ தழைச்சத்து, 40 கிலோ பாஸ்பரஸ். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் கரிமத் தழைச்சத்தில் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். 70 கிலோவில் 14 கிலோ. அம்மோனியம் 10 கிலோவும் ஆவியாகாமல் உடனே மண்ணோடு கலந்துவிட்டால் மொத்தம் 24 கிலோ. பயிருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டும் என்றால் சுமார் 42 டன் ஈரக் கசடு தேவை. அந்த 42 டன்னோடு 168 கிலோ பாஸ்பரஸும் வயலுக்கு வந்துவிடும். ஒரு தானியப் பயிர் அறுவடையில் எடுத்துச் செல்வது 20 முதல் 25 கிலோ. ஏழு ஆண்டுத் தேவை ஒரே தடவையில் கொட்டப்படுகிறது. மீதி மண்ணில் தேங்கும். மழையில் அரித்துப்போய்க் குளத்தில் பாசி பிடிக்க வைக்கும். அதனால் தழைச்சத்தைப் பார்த்து அளவு முடிவு செய்யாதீர்கள். மணிச்சத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு, குறையும் தழைச்சத்தை வேறு உரத்தால் ஈடுகட்டுங்கள்.

இதே 42 டன், அதாவது 8.4 டன் உலர் பொருளில் காட்மியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருந்தால், மேல்மண் 20 சென்டிமீட்டரில் ஒரு தடவைக்குக் கூடுவது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். கவலைப்பட ஒன்றுமில்லை. அதுவே 39 மில்லிகிராம் என்றால் ஒரு தடவைக்கு 0.13 கூடும், பத்து தடவை போட்டால் 1.3. சாதாரண மண்ணில் இயற்கையாகவே இருப்பது பெரும்பாலும் 0.5-க்குக் கீழே. இந்த 39 என்ற எண்ணை நான் கற்பனையாக எடுக்கவில்லை. அமெரிக்க விதியில் நிலத்தில் சேரும் மொத்தச் சுமையைக் கணக்கு வைக்காமலே போட அனுமதிக்கும் வரம்பு அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986 விதியோ, மண்ணில் காட்மியம் 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது. 'விதிக்கு உட்பட்டது' என்ற ஒரு வார்த்தையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். எண்ணைக் கேட்டு வாங்கி, இப்படி ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.

## ஆறு வழிகளும் ஒரே பார்வையில்

| வழி | கிருமி | முதலாண்டுத் தழைச்சத்து | உலோகம், பி.எஃப்.ஏ.எஸ். | கூடுதல் சுமை |
|---|---|---|---|---|
| நீர் வடித்த கசடு | மிச்சம் இருக்கும் | நடுத்தரம் | அப்படியே | தண்ணீரைச் சுமக்கும் செலவு, நாற்றம், காத்திருப்பு |
| சுண்ணாம்புக் கசடு | பி.எச். உயர்ந்து நிற்கும்வரை குறைவு | அம்மோனியா இழப்பு | அப்படியே | கார மண்ணுக்கு ஆகாது |
| கம்போஸ்ட் | சரியாகச் சூடேறினால் மிகக் குறைவு | மிகக் குறைவு | செறிவு குறையலாம், பி.எஃப்.ஏ.எஸ். அழியாது | இடம், நாள், மரத்தூள் |
| உலர்த்திய குருணை | மிகக் குறைவு | ஓரளவு வேகம் | அப்படியே | தூசி, தீ ஆபத்து |
| ஸ்ட்ரூவைட் (கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் மணிச்சத்துப் படிகம்) போன்ற மீட்ட மணிச்சத்து | மிகக் குறைவு | சிறிதளவு | மிகக் குறைவு | விலை, கரிமப் பொருள் இல்லை |
| தொழு உரம் முதலியவை | உண்டு, மட்கினால் குறையும் | மாறுபடும் | பொதுவாகக் குறைவு | கிடைக்கும் அளவு |

## நீர் வடித்த கசடு

மலிவானது, பெரும்பாலான நிலையங்கள் கையைக் காட்டுவதும் இதைத்தான். கரிமப் பொருள் நிறைய. மணற்பாங்கான நிலத்தில் ஈரம் பிடித்து நிற்பது கண்ணுக்கே தெரியும். துத்தநாகக் குறை உள்ள மண்ணில் கசடில் வரும் துத்தநாகம் உரமாகவே வேலை செய்யும்.

ஆனால் இது பெரும்பாலும் பி வகுப்பு. அமெரிக்க விதிப்படி, விளைச்சல் தரைக்கு மேலே இருந்தும் மண்ணைத் தொடும் காய்களை, போட்ட நாளிலிருந்து 14 மாதம் அறுவடை செய்யக்கூடாது. மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு என்றால் 20 மாதம். கசடை நான்கு மாதத்துக்குள் உழுது மண்ணோடு கலந்துவிட்டால் 38 மாதம். புதைந்த கிருமி வெயில் படாமல் நீண்ட நாள் உயிர் வாழும் என்பதால்தான் இந்தக் கூடுதல் கெடு. மேய்ச்சலுக்கு 30 நாள். காய்கறி போடுபவருக்கு இந்தக் காத்திருப்பே ஒரு பெரிய செலவு.

வரப்போரம் குவித்து வைப்பதையும் சொல்ல வேண்டும். லாரி வருவது ஒரு நாள், டிராக்டர் கிடைப்பது இன்னொரு நாள். இடையில் ஒரு மழை பெய்தால் குவியலிலிருந்து ஓடும் கறுப்புத் தண்ணீர் நேரே வாய்க்காலுக்குப் போகும். பரப்பி உடனே உழ ஆளும் வண்டியும் தயாராக இல்லாவிட்டால் லாரியை வரச்சொல்லாதீர்கள்.

தீவனமல்லாத மரப்பயிர், நார்ப்பயிர், எரிபொருளுக்கான பயிர், சிதைந்த சுரங்க நிலம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாமர்ட்டன் என்ற ஊரில் துத்தநாக உருக்காலைப் புகையால் மொட்டையாகிப்போன மலைச்சரிவில், கசடையும் நிலக்கரிச் சாம்பலையும் சுண்ணாம்புக் கல்லையும் கலந்து தெளித்துப் புல் முளைக்க வைத்தார்கள். ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நிலத்துக்கு உயிர் கொடுக்கும்போது கசடின் நன்மை அதன் கெடுதலைவிடப் பல மடங்கு பெரிது. விளையும் நிலத்தில் அந்தத் தராசு வேறு பக்கம் சாயும்.

## சுண்ணாம்பு சேர்த்த கசடு

சுண்ணாம்பைக் கலந்து பி.எச். 12-க்கு உயர்த்தி இரண்டு மணி நேரம், பிறகு 11.5-க்குக் குறையாமல் 22 மணி நேரம் வைப்பது வழக்கமான முறை. நாள்பட்டுக் காரம் இறங்கினால் கிருமி மறுபடி பெருகவும் நாற்றம் திரும்பவும் வாய்ப்புண்டு. அமில மண் வைத்திருப்பவருக்கு இது இரட்டை லாபம்: மண் திருந்தும், உலோகமும் கட்டுப்படும். மாலிப்டினம் மட்டும் விதிவிலக்கு. காரம் ஏறினால் அது பயிருக்குள் கூடுதலாக ஏறும். அந்தத் தீவனத்தைத் தின்னும் ஆடு மாடுகளுக்குத் தாமிரக் குறை வரும். கார மண்ணில் இதைப் போட வேண்டவே வேண்டாம். இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும்.

## கம்போஸ்ட் ஆக்கியது

மரத்தூள், சருகு போன்றவற்றோடு கலந்து குவியலாகப் போட்டு மட்க வைப்பது. திறந்த வரிசைக் குவியல் என்றால் 55 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். காற்று செலுத்தும் குவியலுக்கு மூன்று நாள் போதும். வெப்பமானி வைத்து எழுதிய பதிவேடு இல்லாத கம்போஸ்ட் வெறும் பழைய கசடுதான். விற்பவரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கையில் எடுக்க அருவருப்பு இல்லாமல், காட்டு மண் வாடையோடு இருக்கும் என்பதால் பலர் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். மரத்தூள் கலந்ததால் காட்மியத்தின் செறிவு குறைந்து காட்டும். ஆனால் முன்பு ஒரு டன் போட்ட இடத்தில் இதை இரண்டு டன் போட்டால் நிலத்துக்கு வந்து சேரும் மொத்த உலோகம் அதேதான். கழிவுநீரில் வரும் நுண்பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி கசடில்தான் படிகிறது, அதுவும் இதில் அப்படியே இருக்கும். முதல் ஆண்டில் கிடைக்கும் தழைச்சத்து பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே இதை உரம் என்று எண்ணாமல் மண்ணைப் பதப்படுத்தும் பொருள் என்று எண்ணிக்கொள்வது நல்லது. பூங்கா, சாலையோர மரங்கள், புல்தரை, நாற்றங்காலில் பூச்செடி ஆகியவற்றுக்கு, வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் நிலையத்தின் கம்போஸ்ட் என்றால், தயங்காமல் பரிந்துரைப்பேன்.

## உலர்த்திய குருணை

80 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலர் பொருளாக ஆக்கியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் இப்படித் தயாரித்து விற்கிறது. தண்ணீரைச் சுமக்கும் செலவு இல்லை, உரம் போடும் கருவியிலேயே தூவலாம், தூரத்து நிலத்துக்கும் கட்டுப்படியாகும். உலர்த்தப் பிடிக்கும் எரிபொருள் செலவை யாராவது ஒருவர் சுமக்க வேண்டும். குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம், நனைந்தால் நாற்றமும் கிருமியும் திரும்பலாம். உலோகமும் பி.எஃப்.ஏ.எஸ்.ஸும் இதிலும் எங்கும் போகவில்லை.

## மீட்டெடுத்த மணிச்சத்து

கசடு முழுவதையும் நிலத்தில் போடாமல், மணிச்சத்தை மட்டும் பிரித்து எடுப்பது. மெக்னீசியம் சேர்த்துப் படிய வைத்தால் ஸ்ட்ரூவைட் என்ற வெண்ணிறப் படிகம் கிடைக்கும். மெல்லக் கரையும் நல்ல உரம். இன்னொரு வழி, கசடை எரித்துச் சாம்பலிலிருந்து மணிச்சத்தை எடுப்பது. எரித்தால் தழைச்சத்தும் கரிமமும் போய்விடும், உலோகம் சாம்பலில் செறிந்துவிடும்; சாம்பலைச் சுத்தப்படுத்தாமல் போடக்கூடாது.

சுவிட்சர்லாந்து 2006-க்குள் கசடை விவசாயத்திலிருந்து முற்றாக விலக்கிவிட்டது. ஜெர்மனியின் 2017 விதிப்படி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட கழிவுநீரைக் கையாளும் நிலையங்கள் 2029 முதலும், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவை 2032 முதலும் கசடை நிலத்தில் போட முடியாது. மணிச்சத்து போதிய அளவில் இருந்தால் அதை மீட்டாக வேண்டும். உண்ணும் பயிருக்குக் கழிவுநீர்ச் சத்தைத் திருப்பிக் கொடுக்க இதுவரை நான் பார்த்த வழிகளில் எனக்கு முழு நிம்மதி தருவது ஸ்ட்ரூவைட்தான். குறை என்னவென்றால், மண்ணுக்குக் கரிமப் பொருள் ஒரு பிடிகூடத் தராது.

## கசடே வேண்டாம் என்றால்

தொழு உரம், பசுந்தாள் உரம், குப்பைக் கம்போஸ்ட், கடையில் வாங்கும் உரம். இவையும் குறையற்றவை இல்லை. தீவனத்தில் சேர்க்கும் தாமிரமும் துத்தநாகமும் பண்ணைச் சாணத்தில் வரும், மருந்து மிச்சமும் வரும். பாறையிலிருந்து எடுக்கும் பாஸ்பேட் உரத்திலேயே காட்மியம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. தரமான தொழு உரம் பக்கத்தில் கிடைக்கும்போது கசடை யோசிக்கவே வேண்டியதில்லை. இயற்கை வேளாண் சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் பேச்சே இல்லை: அமெரிக்க, ஐரோப்பிய இயற்கை வேளாண் விதிகள் இரண்டும் கசடை அனுமதிப்பதில்லை.

## யாருக்கு எது?

கீரை, கிழங்கு, பச்சையாகத் தின்னும் காய், கறவை மாட்டுத் தீவனம் விளைவிப்பவர்கள் எந்த வடிவக் கசடையும் தவிர்ப்பது நல்லது. தானியம், எண்ணெய்வித்து விளைவிப்பவர்கள், மண் பி.எச். 6.5-க்கு மேல் இருந்து, கசடில் உலோகம் குறைவு என்று எண் கையில் இருந்தால், மணிச்சத்துக் கணக்குப்படி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போடலாம். மரப்பயிருக்கும் சிதைந்த நிலத்துக்கும் தாராளமாகப் போடலாம், அருகில் குடிநீர்க் கிணறு இல்லாத பட்சத்தில்.

ஒத்துக்கொள்வதற்கு முன்பு நிலையத்தாரிடம் மூன்று காகிதம் கேளுங்கள்: குழாயில் கழிவு விடும் ஆலைகளின் பட்டியல், கடந்த ஓராண்டின் உலோகச் சோதனை முடிவுகள் அனைத்தும், பி.எஃப்.ஏ.எஸ். சோதனை முடிவு. சராசரியை மட்டும் கொடுத்தால் போதாது. ஒரு மாதம் திடீரென்று எகிறியிருந்தால் அது சராசரியில் மறைந்துவிடும். மணிச்சத்தை நீக்க இரும்பு, அலுமினிய உப்பு சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள். சேர்த்தால் கசடின் மணிச்சத்து இறுகிக் கிடக்கும், பயிருக்கு மெதுவாகத்தான் கிடைக்கும். ஆலைப் பட்டியலைத் தர மறுக்கும் நிலையத்தின் கசடை நான் என் நிலத்துக்குள் விடமாட்டேன்.

## ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு

பதற வேண்டாம். எந்த வயலில், எந்த ஆண்டு, எத்தனை லாரி என்று நினைவில் இருப்பதை இப்போதே எழுதி வையுங்கள். மேல்மண்ணில் காட்மியம், ஈயம், துத்தநாகம், நிக்கல் நான்கையும் பி.எச்.ஸையும் சோதித்துப் பாருங்கள். கசடு போடாத பக்கத்து வயலிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தால்தான் ஒப்பிட முடியும். பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு போட்டு உயர்த்துங்கள், உயர்த்தியதைக் காப்பாற்றுங்கள். காட்மியம் கூடியிருந்தால் கீரையை நிறுத்தித் தானியத்துக்கோ நார்ப்பயிருக்கோ மாறுங்கள். பி.எஃப்.ஏ.எஸ். சோதனை செலவு பிடிக்கும். ஒரே ஒரு மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது, கிணறோ வயலின் கீழ்ச்சரிவில் இருக்கிறது என்றால், மண்ணை விட்டுவிட்டு முதலில் கிணற்றுத் தண்ணீரை அனுப்புங்கள்.